லொறிப் பெட்டிக்குள் மோட்டார் சைக்கிள் அசைந்து சேதமாகிறதா? அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

இடமாற்றம் பெற்றுப் போகும் ஆசிரியர், கோணேசபுரி வளாகத்தில் படிப்பை முடித்து ஊர் திரும்பும் மாணவர், பருவம் முடிந்ததும் உப்புவெளியில் வாடகைக்கு விட்ட ஸ்கூட்டர்களை வேறிடத்துக்குக் கொண்டுபோகிறவர் என்று, திருகோணமலையில் மோட்டார் சைக்கிளை லொறியில் ஏற்றி அனுப்பும் தேவை பலருக்கும் வருகிறது. ஏறுவது பட்டா எனப்படும் சிறிய திறந்த லொறியாக இருக்கலாம், நாற்புறமும் மூடிய புல் பொடி லொறியாக இருக்கலாம், காரின் பின்னால் இழுக்கும் பெட்டியாகவும் இருக்கலாம். சேதம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரித்தான் வருகிறது. கதவைத் திறந்ததும் பெரும்பாலானோர் "கயிறு இறுக்கம் போதவில்லை" என்று முடிவுகட்டி, அடுத்த முறை இன்னும் பலமாக இறுக்குகிறார்கள். அதனால் வேறொரு பாகம் வளைகிறது. உண்மையில் பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம் பெல்ட்டுகள் இழுக்கும் திசை பிழைத்திருப்பதும், வண்டிக்கும் தளத்துக்கும் இடையில் நகரக்கூடிய ஏதோவொன்று விடப்பட்டிருப்பதுமே ஆகும். கீழே ஒவ்வொரு அறிகுறியையும் இந்த இரண்டோடு பொருத்திப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன், சரியாகக் கட்டிய வண்டி எப்படி நிற்கும் என்பது கண்ணில் இருக்க வேண்டும். முன் சக்கரம் பெட்டியின் முன் சுவரில், அல்லது தளத்தில் ஆணியடித்த பலகை முட்டில், முழுமையாக முட்டியிருக்கும். சைட் ஸ்டாண்ட், நடு ஸ்டாண்ட் இரண்டுமே மடிக்கப்பட்டு, வண்டியின் முழுப் பாரமும் இரண்டு டயர்களிலும் இருக்கும். முன்னால் இரண்டு பெல்ட்டுகள் இடமும் வலமுமாக, கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இழுக்கும். பின்னால் இரண்டு பெல்ட்டுகள் அதேபோல் இடமும் வலமுமாக, கீழ்நோக்கியும் பின்நோக்கியும் இழுக்கும். ஒவ்வொரு பெல்ட்டும் தளத்தோடு ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இருக்கும். பெல்ட் செங்குத்தாக நின்றால் வண்டி பக்கவாட்டில் ஆடுவதைத் தடுக்காது. தரையோடு படிந்து ஓடினால் வண்டியைத் தளத்தில் அமுக்கிப் பிடிக்காது.

சிறிது தூரம் ஓடியதும் பெல்ட்டுகள் தொய்ந்திருக்கின்றன

இதுவே முதலில் தெரியும் அறிகுறி, அதோடு நேரத்தோடு கண்டால் எளிதில் தீர்க்கக்கூடியதும் இதுதான். கண்டியோ கொழும்போ போகும் லொறி ஏ6 வீதியில் ஏறியதும், சீனன்குடா தாண்டுவதற்குள் ஒருமுறை ஓரம் கட்டி, நான்கு பெல்ட்டுகளையும் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிய முடிச்சுகளும் கண்ணிகளும் இறுகிப் படிவதும், சொக் அப்சோபர்கள் சற்றே அமர்வதும் முதற் சில கிலோமீற்றர்களிலேயே நடந்துவிடும். அங்கு ஒருமுறை இறுக்கிய பின், ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் வரும் கந்தளாயில் மீண்டும் பார்க்கும்போது பெல்ட்டுகள் அப்படியே இருந்தால், முதற் தொய்வு வெறும் படிமானந்தான். கந்தளாயிலும் தொய்ந்திருந்தால் வேறு காரணம் இருக்கிறது.

முதலில் சைட் ஸ்டாண்டைப் பாருங்கள். லொறிக்காரர்களிடம் இது பழக்கமாகிவிட்டது: "ஸ்டாண்டில நிக்கட்டும் தம்பி, மற்றப் பக்கம் இழுத்துக் கட்டினா அசையாது" என்பார்கள். வீட்டு வாசலில் நிற்கும்போது அது அசையாதுதான். குழியில் லொறி விழுந்து எழும் ஒவ்வொரு முறையும், வண்டியின் பாரம் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஸ்டாண்டின் அடித்தட்டில் இறங்குகிறது. பலகைத் தளம் என்றால் அது புதைகிறது, இரும்புத் தளம் என்றால் வழுக்குகிறது, சில வேளைகளில் வண்டி முன்னுக்கு நகர்ந்து ஸ்டாண்டே மடிந்துவிடுகிறது. ஸ்டாண்ட் அரை அங்குலம் புதைந்தாலும் எதிர்ப்பக்கப் பெல்ட் தளர்ந்துவிடும். நடு ஸ்டாண்டிலும் இதே குறை இருக்கிறது. அதோடு ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்பதால் டயரின் பிடிப்பும் போய்விடுகிறது.

அடுத்தது கயிறு. கடற்கரை ஊரில் மீன்பிடிக் கயிறு மலிவாகக் கிடைப்பதால் அதையே எடுப்பது இயல்புதான். ஆனால் நைலோன் கயிறு பாரத்தில் நன்றாக நீளும். நனைந்தால் அதன் வலுவும் ஓரளவு குறையும். படகு நங்கூரத்துக்கு அந்த நீட்சிதான் குணம், இங்கு அதுவே குற்றம். பச்சையும் நீலமுமான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்தால் சீக்கிரம் உளுத்து, கையால் தேய்த்தால் தூளாக உதிரும். பொலியெஸ்டர் நாடாவால் செய்த, பற்சக்கரக் கைபிடியால் இறுக்கும் ராட்செட் பெல்ட் குறைவாகவே நீளும், நனைந்தாலும் மாறாது. ஐரோப்பிய முறையில் செய்த பெல்ட்டாக இருந்தால் அதில் தைத்த சீட்டின் நிறமே நாடா எதுவென்று சொல்லிவிடும்: நீலம் பொலியெஸ்டர், பச்சை நைலோன், மண்நிறம் பொலிப்ரொப்பிலீன்.

பெல்ட்டும் சரி, ஸ்டாண்டும் மடித்திருக்கிறது, ஆனாலும் தொய்கிறது என்றால், முன் சொக் அப்சோபரைப் பாருங்கள். பெல்ட் அதைச் சற்றும் அமுக்காமல் கட்டப்பட்டிருந்தால், பள்ளத்தில் அது அமுங்கும் நொடியில் பெல்ட் தளர்ந்து கொளுக்கி கழன்றுவிடும். முன் சொக் அப்சோபர் அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு அமுங்கும்படி இறுக்கினால் அது எப்போதும் பெல்ட்டை மேல்நோக்கித் தள்ளி, தொய்வை எடுத்துவிடும்.

கடைசியாக ராட்செட். உருளையில் நாடா குறைந்தது இரண்டு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும், மூன்றுக்கு மேல் போனால் பல்லிடையே சிக்கிக்கொள்ளும். மீதமுள்ள வால் நாடாவைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். திறந்த பட்டா லொறியில் காற்றில் படபடக்கும் பெல்ட்டை அரைச் சுற்று முறுக்கிக் கட்டினால் அந்த அதிர்வு பெருமளவு அடங்கும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனதே காரணம். இடம் ஒரு பல், வலம் ஒரு பல் என்று மாறி மாறி ஏற்ற வேண்டும். சரியாக ஏற்றியும் சாய்கிறதென்றால், இரு பக்கக் கொளுக்கி இடங்களும் வண்டியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியின் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தால் ஒரு பெல்ட் குறுகிச் செங்குத்தாகவும் மற்றது நீண்டு படுத்தும் இருக்கும். அப்படியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் சமன் வராது.

பின் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது

முன்னால் மட்டும் கட்டிய வண்டியில் இது நிச்சயம் நடக்கும். ஹாண்டில் பகுதி அசையாமல் நிற்க, பின்பகுதி ஒவ்வொரு குலுக்கலிலும் சிறிது சிறிதாகத் துள்ளி விலகும். பின் பெல்ட்டுகளைச் சீட்டுக்குக் கீழுள்ள சட்டத்தில், அல்லது பின்னிருப்பவர் கால் வைக்கும் புட்ரெஸ்ட் சட்டத்தோடு சேரும் இடத்தில் மாட்டுங்கள். கரியர், சைலன்சர், சிக்னல் விளக்குத் தண்டு ஆகியவை பாரம் தாங்கச் செய்யப்பட்டவையல்ல. கூடவே ஒரு சிறு பெல்ட்டைப் பின் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றித் தளத்தோடு கட்டிவிட்டால் துள்ளல் நின்றுவிடும்.

தளத்தையும் பாருங்கள். முந்திய நாள் மீன் ஏற்றிய லொறியென்றால் இரும்புத் தகட்டில் கொழுப்புப் படலம் இருக்கும். தம்பலகாமத்து வயலிலிருந்து நெல் ஏற்றியதென்றால் பதரும் தூசும் இருக்கும். உப்புவெளிப் பக்கத்து வண்டிகளின் டயர்களிலேயே மணல் இருக்கும். இவை அனைத்தும் டயருக்குக் கீழே உருளைகளாக வேலை செய்யும். கழுவிக் கூட்டித் துடைத்து, டயர்களுக்குக் கீழே பழைய றப்பர் விரிப்பு ஒன்றைப் போடுங்கள். சாக்கோ அட்டையோ வேண்டாம்; அவை டயரோடு சேர்ந்தே நகரும்.

முன் சக்கரம் சுவரில் மோதியிருக்கிறது, மட்காட் உடைந்திருக்கிறது

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதியைக் கடப்பது புதினமல்ல. மாடுகள் எங்கும் உண்டு. அந்த வீதியில் சாரதி பிறேக்கை ஓங்கி மிதிக்கமாட்டார் என்று நம்பி யாரும் வண்டி கட்டக்கூடாது. சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை, முன்நோக்கி எடையின் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்நோக்கியும் 0.5 பங்கு விசையையும் கட்டு தாங்க வேண்டுமென்று கணக்கிடுகிறது. 145 கிலோ எடையுள்ள ஒரு மோட்டார் சைக்கிள் என்றால், கடுமையான பிறேக்கில் அது 116 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு முன்நோக்கிப் பாயும்.

இப்போது உங்கள் பெல்ட்டுகளில் எவை அந்தப் பாய்ச்சலைத் தடுக்கின்றன என்று பாருங்கள். முன்நோக்கி இழுக்கும் முன் பெல்ட்டுகள் தடுக்கமாட்டா. வண்டி முன்னே போகப் போக அவை தளரும். பின்நோக்கி இழுக்கும் இரண்டு பெல்ட்டுகளும், சக்கரத்தின் முன்னாலுள்ள முட்டும் மட்டுமே தடுக்கும். இந்த அறிகுறியோடு வரும் வண்டிகளில் பெரும்பாலும் நான்கு கட்டுகளும் இருக்கும், நான்கும் முன்பக்கத்துக்கே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கட்டுகளைக் கூட்டுவதால் பயனில்லை, இரண்டைத் திருப்பிக் கட்டினால் போதும்.

முட்டுக்கு இரண்டுக்கு நாலு அங்குலப் பலகையில் இரண்டு துண்டுகளை 'வி' வடிவில் சேர்த்து, தேருக்குச் சறுக்குக்கட்டை போடுவதுபோல் சக்கரம் அதற்குள் அகப்படும்படி தளத்தில் அடியுங்கள். முன் சுவரையே முட்டாக வைப்பதென்றால் சுவருக்கும் டயருக்கும் இடைவெளி விடாதீர்கள். இடைவெளி இருந்தால் வண்டி அந்தத் தூரத்தில் வேகம் பிடித்து மோதும். மட்காட் டயருக்கு முன்னால் நீண்டிருக்கும் வண்டிகளில், டயரின் உயரத்துக்கு மட்டும் ஒரு தடித்த மரக்குற்றியை இடையில் வைத்தால் மட்காட் சுவரைத் தொடாது.

கியர் உள்ள வண்டியை முதலாம் கியரில் நிறுத்துங்கள். ஸ்கூட்டர்களில் அது முடியாது. டியோ போன்றவற்றில் பின் பிறேக் லீவரை ஹாண்டிலோடு சேர்த்து றப்பர் பட்டியால் கட்டி வைப்பதே வழி.

ஹாண்டில் திரும்பியிருக்கிறது, கிளச் லீவர் வளைந்திருக்கிறது, சுவிச் உடைந்திருக்கிறது

பெல்ட்டின் கொளுக்கியை ஹாண்டிலின் நுனியில் மாட்டியிருக்கிறார்கள். நுனியில் இழுத்தால் நெம்புகோல்போல் முழு விசையும் ஹாண்டிலை வளைக்கும். முன் போர்க்கின், அதாவது முன் சொக் அப்சோபரின், இரண்டு குழாய்களையும் இணைத்துப் பிடிக்கும் கீழ்த் தகட்டுக்கு மேலாக, நாடாவால் செய்த ஒரு கண்ணியைப் போட்டு, அந்தக் கண்ணியில் கொளுக்கியை மாட்டுங்கள். கொளுக்கியின் இரும்பு வண்டியின் எந்தப் பாகத்தையும் தொடக்கூடாது. கண்ணி போடும்போது பிறேக் குழாயும், கேபிள்களும், விளக்கு வயர்களும் நாடாவுக்குள் அகப்படவில்லை என்பதை விரலால் தடவி உறுதிசெய்யுங்கள். பார்வைக்கு மறைவான இடம் அது.

ஸ்கூட்டர் தனி விவகாரம். முன்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் உறை மூடியிருப்பதால் அந்தத் தகட்டைக் கையால் எட்ட முடியாது. ஹாண்டில் கழுத்தில் இறுக்கினால் உறை நொறுங்கும். கால் வைக்கும் தட்டின் மேல் மடித்த றப்பர் விரிப்பைப் போட்டு, ஒரு பெல்ட்டைக் குறுக்காக இட்டு இரு பக்கமும் கீழே இழுங்கள். பின்னால் கைபிடிக் கம்பி சட்டத்தோடு சேரும் இடத்தில் இரண்டு பெல்ட்டுகள், முன் சக்கரத்தை முட்டோடு சேர்த்து ஒன்று. ஹாண்டிலில் பெல்ட் ஒன்றுமே வேண்டாம்.

பெல்ட் அறுந்திருக்கிறது, அல்லது கொளுக்கி திறந்துகொண்டது

அறுந்த இடத்தைக் கையிலெடுத்துப் பாருங்கள். நூல்கள் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டதுபோல் இருந்தால் கூரான விளிம்பு ஒன்று அறுத்திருக்கிறது. இழை இழையாகப் பிரிந்து நிறம் வெளுத்திருந்தால் வெயில் தின்றிருக்கிறது.

விளிம்பு எங்கே என்று தேடுபவர்கள் முதலில் பட்டா லொறியின் பக்கப் பலகையைப் பார்க்க வேண்டும். இந்த லொறிகளில் கயிறு கட்டும் கொளுக்கிகள் பலகைக்கு வெளிப்புறத்தில் இருக்கும். பெல்ட் உள்ளிருந்து பலகையின் மேல் விளிம்பில் ஏறி வெளியே இறங்கும். அங்கு இரண்டு தீங்குகள் ஒன்றாக நடக்கின்றன. தகட்டு விளிம்பு நாடாவை அராவுகிறது. அதைவிட முக்கியமாக, வண்டிக்கு அந்தப் பெல்ட் இழுக்கும் இடம் தளமல்ல, பலகையின் விளிம்பு என்றாகிவிடுகிறது. இழுவை கீழ்நோக்கி இல்லாமல் பக்கவாட்டுக்குப் போவதால், எவ்வளவு இறுக்கினாலும் வண்டி தளத்தில் அமர்வதில்லை. அடிக்கடி வண்டி ஏற்றுபவர் தளத்திலேயே இரும்பு வளையங்களைப் பொருத்திக்கொள்வது நல்லது. வளையத்தின் போல்ட்டுக்குக் கீழே, தளத்தின் அடிப்பக்கத்தில், அகலமான தகடு ஒன்று வைக்க வேண்டும். வெறும் வாஷர் போட்டால் ஒரு குலுக்கலில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஒருமுறை மட்டும் அனுப்புபவர், விளிம்பில் பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டி, அதன் மேலால் பெல்ட்டை விடலாம்.

கொளுக்கி விரிந்திருந்தால் அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். உப்புக் காற்றில் வெளியே கிடந்த கொளுக்கி, மேலே பூச்சு இருந்தாலும் வளைவின் உள்ளே துருப்பிடித்து மெலிந்திருக்கும். அதை எறிந்துவிடுங்கள், தட்டி நேராக்கிப் பயன்படுத்தாதீர்கள். புதியது வாங்கும்போது சீட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் கவனியுங்கள். அறுபடும் வலுவை மட்டும் பெரிதாக அச்சிட்டு விற்பார்கள். வேலைக்கு எடுக்கக்கூடிய பாரம் பொதுவாக அதில் மூன்றிலொரு பங்குதான்.

முன் போர்க்கில் எண்ணெய் கசிகிறது

ராட்செட்டின் கைபிடி நீளமானது. கொஞ்சம் பலத்தில் நிறைய இறுகிவிடும். போர்க் அடிமட்டம் வரை அமுங்கும்படி இறுக்கினால், குழிகளில் அமுங்குவதற்கு அதற்கு வழியில்லாமல் போய், அடி முழுதும் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீலுக்கும் சட்டத்துக்கும் பெல்ட்டுக்கும் இறங்கும். இறக்கிய பின் குழாயில் மெல்லிய எண்ணெய் வளையம் தெரிந்தால் துடைத்துவிட்டு, முன் பிறேக்கைப் பிடித்தபடி போர்க்கைச் சில தடவை அமுக்கி எழுப்புங்கள். மறுபடி வராவிட்டால் கவலையில்லை. வந்தால் சீல் மாற்ற வேண்டும். டிஸ்க் பிறேக் உள்ள வண்டியில் எண்ணெய் டிஸ்க்கிலோ பிறேக் பாட்களிலோ பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் வீதியில் ஓட்டக்கூடாது.

பெற்றோல் தாங்கியிலும் உறையிலும் தேய்மானம், அல்லது இரண்டு வண்டிகள் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன

மணல் ஒட்டிய பெல்ட் வண்ணத்தின் மேல் கிடந்தால் அது உப்புத்தாள் ஆகிவிடும். பெல்ட்டை வண்ணம் பூசிய பாகத்தில் படாமல் கொண்டுபோங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் சுத்தமான பருத்தித் துணி வைத்து அதையும் கட்டிவிடுங்கள்.

பல வண்டிகளை ஏற்றும்போது ஒன்றின் தலையும் அடுத்ததன் வாலுமாக மாற்றி நிறுத்தினால் ஹாண்டில்கள் மோதா. மெத்தையை இடையில் செருகி எல்லா வண்டிகளையும் ஒரே கயிற்றால் சுற்றிக் கட்டுவது பரவலாக நடக்கிறது. மெத்தை அமுங்கியதும் அந்த ஒரே கயிறு தொய்ந்து, எல்லா வண்டிகளும் சேர்ந்து சாயும். மெத்தை இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கட்டு இருக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் பெற்றோல் மணம்

இங்கு மட்டும் அவசரப்படாதீர்கள். கதவுகளை முழுதாகத் திறந்துவிட்டு, விலகி நின்று காற்றோட விடுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அது தளத்தோடு படிந்து நிற்கும்; −40 பாகை செல்சியஸுக்கும் கீழான குளிரிலேயே தீப்பற்றக்கூடிய பொருள் அது. சிகரெட் வேண்டாம், உள்விளக்கைப் போடவும் வேண்டாம், வண்டியின் சாவியையும் திருப்ப வேண்டாம்.

காரணம் இரண்டிலொன்று. தாங்கி நிறைந்திருந்தது, அல்லது வண்டி சாய்ந்திருந்தது. 10 லீற்றர் பெற்றோல் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் கூடும். நண்பகலில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு எளிதில் வரும். ஆகவே தாங்கியில் கால் பங்குக்கு மேல் வைக்காதீர்கள். காபரேற்றர் உள்ள வண்டியில் மிதவை நிமிர்ந்த நிலையில்தான் சரியாக வேலை செய்யும், சாய்ந்தால் பெற்றோல் வழியும். ஏற்றியவுடன் பெற்றோல் டெப்பை மூடிவிடுங்கள்.

காருக்குப் பின்னால் இழுக்கும் பெட்டி வாலாட்டுகிறது

வண்டி பெட்டியின் பின்பாதியில் நிற்கிறது. பெட்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் கார்க் கொளுக்கியின் மேல் இறங்க வேண்டும். ஆட்டம் தொடங்கினால் திடீர்ப் பிறேக் போடாமல் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்து, நிறுத்திய பின் வண்டியை அச்சுக்கு முன்னால் நகர்த்திக் கட்டுங்கள்.

இறக்கிய பின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுவிச்சைப் பாருங்கள். பெல்ட்டோ கையோ பட்டு அது தள்ளப்பட்டிருப்பது அடிக்கடி நடக்கும். பிறகு பெற்றோல் டெப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாயிருந்து, பயணத்தில் வண்டி சாய்ந்திருந்ததும் உறுதியானால், எஞ்சினுக்குள் பெற்றோல் மிகுந்திருக்கும். சோக்கைப் பயன்படுத்தாமல், அக்சிலேற்றரை முழுதாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கிக்கரைச் சில தடவை மிதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள்.